நம்ம காசுல எவ்ளோ?

அன்பு மகள் எஸ்தருக்கு,

பூட்ஸ் வந்து சேர்ந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ அங்கே உட்கார்ந்து இரண்டு தேசத்துத் தபால்காரர்களையும் திட்டிக்கொண்டிருப்பாய். அட்டைப் பெட்டி ஒரு மூலையில் நசுங்கியிருந்தது, உள்ளே ஒரு கீறல்கூட இல்லை. காலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. அப்பனுடைய கால் அளவை இத்தனை வருஷம் நினைவில் வைத்திருந்தாயே என்று உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் துடைக்கவில்லை, எனக்குச் சளி. விலைச் சீட்டைக் கிழிக்காமல் அனுப்பியிருக்கிறாய். நூற்று நாற்பது டாலர். உன் கொழுப்பு எனக்குத் தெரியாதா? கிழவன் அதை முப்பதால் பெருக்குகிறானா இல்லையா என்று சோதித்துப் பார்க்கிறாய். பெருக்கவில்லை அம்மா. பைபிள் மேல் கை வைத்துச் சொல்கிறேன், பெருக்கவில்லை.

இந்தக் கடிதம் உனக்குத்தான், ஆனால் உனக்கு மட்டும் இல்லை. தங்கச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள், உனக்குத் தெரியும். மூடியதிலிருந்து நம் மைசூர் மைன்ஸ் தொழிலாளர் லைனில் வீட்டுக்கு ஒரு பிள்ளை பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. பாதிப் பேர் பெங்களூர் ரயிலுக்கு, மீதிப் பேர் துபாய், கனடா, நியூசிலாந்து என்று வாயில் நுழையாத ஊருக்கெல்லாம். மகளை அனுப்பிய அனுபவஸ்தன் என்று என்னிடம்தான் வருகிறார்கள். "அங்கிள், டாலர் இன்னிக்கி இன்னா ரேட்டு? மாசம் இன்னா மிச்சம் பண்லாம்?" வந்து நின்றதும் இதே கேள்வி. ஒவ்வொருத்தனுக்கும் சொல்லித் தொண்டை வற்றிப்போனதால், எழுதிக் கொடுங்கள், சபைப் பத்திரிகையில் போட்டுவிடுகிறோம் என்று சபைக்காரர்கள் கேட்டார்கள். உன்னைக் கேட்காமலேயே சரி என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. இதில் மானம் போகிறது என்றால் அது என் மானம்தான்.

நீ கனடாவுக்குக் கிளம்புவதற்கு முன்னால் நாம் இரண்டு பேரும் பெங்களூருக்குப் பணம் மாற்றப் போனோமே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். பூமிக்கடியில் பம்ப் பிட்டராக முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கி, வந்த செட்டில்மெண்ட்டில் விசா, மெடிக்கல், டிக்கெட் எல்லாம் போக மிஞ்சியது பன்னிரண்டு கட்டு. எல்லாம் நூறு ரூபாய்த் தாள். உன் அம்மா அதைப் பழைய புடவையில் சுற்றி, மேலே முறுக்கு டப்பாவை வைத்து மூடி, ரயிலில் யாராவது கேட்டால் முறுக்கு என்று சொல்லு என்றாள். அந்தக் கடை வாசலில் ஒரு பலகை. ஒவ்வொரு நாட்டுக் காசுக்கும் பக்கத்தில் இரண்டு விலை, வாங்குவதற்கு ஒன்று, விற்பதற்கு ஒன்று. எனக்கு வந்ததே கோபம்! "இன்னா தம்பி, ஒரே டாலருக்கு ரெண்டு வெல எய்தி வெச்சிக்கீற? காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணா?" என்று கத்தினேன். அந்தப் பையன் பொறுமையாக, "சார், நாங்க உங்ககிட்ட வாங்குற வெல வேற, உங்களுக்கு விக்கிற வெல வேற. காய்கறி மார்க்கெட்லயும் அப்படித்தானே சார்?" என்றான். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

அங்கேதான் இன்னொன்றும் தெரிந்தது. அதுவரை நான் பேப்பரில் பார்த்துவந்தது அமெரிக்க டாலர். டாலர் என்றால் டாலர், அதில் என்ன ஜாதி என்று நினைத்திருந்தேன். கனடா டாலர் முப்பது ரூபாய்தான் என்று அந்தப் பையன் சொன்னதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விலை குறைவு, நிறையக் கிடைக்கும் என்று துள்ளினேன். அப்புறம் அவன் எண்ணிக் கொடுத்தான். நூறு டாலர்த் தாள், நாற்பது. பன்னிரண்டு கட்டு உள்ளே போய் நாற்பது தாள் வெளியே வந்தது. நீ அதை இரண்டாக மடித்துக் கைப்பையில் வைத்தாய், பை உப்பக்கூட இல்லை. திரும்பி வரும்போது ரயிலில் முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். களைப்பு என்று நீ நினைத்திருப்பாய். பயம் எஸ்தர். என் முப்பத்தோரு வருஷமும் உன் கைப்பையில் இருக்கிறது, அது தீர்ந்தால் நீ தனியாக என்ன செய்வாய் என்ற பயம்.

பயந்தவன் சும்மா இருந்திருக்கலாம். நான் பெருக்க ஆரம்பித்தேன். நீ போய் இரண்டு மாதம் கழித்து ரொட்டிக் கடையில் வேலை கிடைத்தது, மணிக்கு ஏழு டாலர் என்று போனில் சொன்னாய் அல்லவா? ஐ.எஸ்.டி பூத்தை விட்டு வெளியே வருவதற்குள் கணக்குப் போட்டுவிட்டேன். மணிக்கு இருநூற்றுப் பத்து ரூபாய்! டீக்கடையில் உட்கார்ந்து உரக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டுத் துரைராஜ் வாயைப் பிளந்தான். "மணிக்கு எரநூத்திப் பத்தா? யோவ், நம்ம மேனேஜரே அவ்ளோ வாங்கலையேயா!" என்றான். அன்றைக்கு எல்லோருக்கும் டீ என் செலவு. அந்த வாரமே உறவுக்காரர்கள் நான்கு பேர் நலம் விசாரிக்க வந்தார்கள், எல்லோருக்கும் அவசரத் தேவை. நீ வாடகைக்கு எடுத்த நிலத்தடி அறைக்கு முதல் மாதமும் கடைசி மாதமும் சேர்த்து முன்னாலேயே கொடுத்தாய் என்பதையும், அதிலேயே ஏழு தாள் போய்விட்டது என்பதையும் நான் டீக்கடையில் சொல்லவில்லை. சம்பளத்தைப் பெருக்குகிறவன் செலவைப் பெருக்கி ஊருக்குச் சொல்வதில்லை.

செலவை உன்னிடம்தான் பெருக்கினேன். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆராதனை முடிந்து பூத்துக்குப் போவேன், அங்கே உனக்கு அப்போதுதான் பொழுது விடியும். என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன். ரொட்டி என்பாய். எவ்வளவு என்பேன். சொல்வாய். "நம்ம காசுல அறுவது ரூபாயா? ஒரு ரொட்டிக்கா? அரிசி வாங்கிப் பொங்கித் துன்னக் கூடாதா?" என்று இங்கிருந்து கத்துவேன். பஸ்ஸுக்கு எவ்வளவு, சோப்புக்கு எவ்வளவு, எல்லாவற்றையும் முப்பதால் பெருக்கி உன் தலையில் கொட்டினேன். பனி விழத் தொடங்கியதும் நீ தயங்கித் தயங்கிக் கேட்டாய். "அப்பா, பூட்ஸ் ஒண்ணு வாங்கணும்பா. நூத்தி நாப்பது டாலர் சொல்றாங்க." நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். நானே இங்கே எழுதிவிடுகிறேன். "நாலாயிரத்து எரநூறு ரூபாய்க்குச் செருப்பாடி? நான் கீழ போட்ட பூட்ஸ கம்பெனி சும்மா குட்துச்சி. கால்ல இருக்கிற கேன்வாஸ் ஷூவுக்கு இன்னா கேடு? ரெண்டு சாக்ஸ் சேத்துப் போடு." நீ சரிப்பா என்று போனை வைத்துவிட்டாய். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா? சின்ன வயதில் எதற்கெல்லாம் பேசினாய்!

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் உன் குரலில் சுரத்தே இல்லை. குளிர்ப்பா என்றாய், நம்பினேன். ஒரு ஞாயிறு போன் செய்தபோது உன் அறைத் தோழி எடுத்தாள், அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. "அவ இல்லை அங்கிள், வெளியிலை போயிட்டா. நாளைக்குக் கட்டு அவிழ்க்கிற நாள் எண்டு சொன்னவ" என்றாள். என்ன கட்டு என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியாதே? ஐசிலை சறுக்கி விழுந்து இடக் கை மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. பூட்ஸ் சப்பாத்து வாங்கு வாங்கெண்டு நான் எத்தினை தரம் சொன்னனான். அப்பா ஏசுவார் எண்டு சொல்லிப்போட்டா" என்றாள். ஏசுவார்! ஆமாம், ஏசியவன்தான். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுகொண்டிருந்தேன், மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, ரிசீவரை வைக்கத் தோன்றவில்லை. உன் கையை ஒடித்தது ஐஸ் இல்லை, உன் அப்பனுடைய பெருக்கல் வாய்ப்பாடு.

அடுத்த ஞாயிறு அம்மாவையும் கூட்டிக்கொண்டு பூத்துக்கு வந்தேன். நீ எல்லாம் சொன்னாய். கை உடைந்ததால் வேலை போய்விட்டது, ஆறு வாரம் சம்பளம் இல்லை, அப்பா கொடுத்ததில் மிச்சம் இருப்பது ஊருக்குத் திரும்பி வர ஒரு டிக்கெட்டுக்குச் சரியாக இருக்கும் என்றாய். அப்புறம் அழுதாய். நான் உடனே, "டிக்கெட் எட்துகினு வந்துடும்மா. கஞ்சியோ கூழோ இங்க குட்ச்சிக்கலாம்" என்றேன். அன்பில்தான் சொன்னேன், ஆனால் அதுவும் பயந்தவன் பேச்சு. உன் அம்மா என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினாள். இருபத்தொன்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் என் கையிலிருந்து எதையும் பிடுங்காதவள். "எஸ்தர், நான் சொல்றத கேளு. அந்தக் காசுல டிக்கெட் எடுக்காத. பூட்ஸ் எடு. நாளைக்கே போயி எடு. பூட்ஸ் மாட்டிகினு வேல தேடு. உங்கப்பா பேச்ச இனிமே கேக்காத" என்று சொல்லிப் போனை வைத்தாள். பூத்துக்காரர் மீட்டர் பார்த்துத் தொகை சொல்லக்கூட மறந்துபோனார்.

வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாங்க, துரைராஜ் தண்ணி கதைய ஊர் பூரா சொல்லிகினு திரியறீங்களே, அது உங்களுக்கு இல்லியா?" என்றாள். அந்தக் கதையை நீயும் நூறு தடவை கேட்டிருப்பாய். இதைப் படிக்கிற சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். துரைராஜ் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மார்கழிக் குளிரில் கம்பளி சுற்றிக்கொண்டு வந்து, ஒரே ஒரு சின்னப் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு என்னோடு சுரங்கத்துக் கேஜ் லிப்டில் இறங்கினான். மேலே பல் கிட்டும் குளிர், அதனால் அவனுக்குத் தாகமே இல்லை. கீழே அடி லெவலில் பாறை அடுப்பு மாதிரி கொதிக்கும். ஒரு மணி நேரத்தில் தன் பாட்டிலைக் குடித்தான், அப்புறம் என்னுடையதையும் காலி செய்தான். "மேல இருக்கிற தாகத்த வெச்சி கீழ வேண்டிய தண்ணிய அளக்காதடா மடையா" என்று நான் திட்டியது அன்றிலிருந்து எங்கள் ஷிப்ட் முழுக்கப் பழமொழி ஆகிவிட்டது. அதைச் சொன்ன வாயாலேயே, பேத்தமங்களா ஏரித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, நம் வெயிலில் நின்றுகொண்டு, உன் ஊர்ப் பனியை நம் ரூபாயில் அளந்தேன். வீடு வரைக்கும் உன் அம்மா பின்னாலேயே நடந்தேன்.

நீ மறுநாளே பூட்ஸ் வாங்கினாய். இரண்டு வாரத்தில் இன்னொரு கடையில் வேலை, அதே ஏழு டாலர். அப்போது நீ எழுதிய கடிதத்தை இன்னும் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். "அப்பா, இனிமே ரூபாயில கேக்காதீங்க. நான் எவ்ளோ நேரம் வேல செஞ்சா அது கிடைக்கும்னு கேளுங்க. நீங்க ஷிப்ட் கணக்குல வாழ்ந்தவருதானே?" என்று எழுதியிருந்தாய். கீழே ஒரு பட்டியல். ரொட்டி கால் மணி நேரத்துக்குச் சற்று மேலே. பஸ் கால் மணி நேரம். அறை வாடகை ஐம்பது மணி நேரம். பூட்ஸ் இருபது மணி நேரம். முடி வெட்ட இரண்டு மணி நேரம், அதனால் நானே கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டேன், பார்த்தால் சிரிப்பீர்கள் என்று எழுதியிருந்தாய். ஒரு முழுக் கோழி ஒரு மணி நேரம் என்பதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பென்சிலை எடுத்து என் பழைய சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டால், இங்கே ஒரு கோழிக்கு நான் அரை ஷிப்டுக்கு மேல் பம்ப் கழற்றி மாட்டியிருக்கிறேன்! முடி வெட்ட எனக்கு அரை மணி நேரச் சம்பளம் போதும். இங்கே மலிவானது அங்கே கிராக்கி, அங்கே மலிவானது இங்கே கிராக்கி. பலகையில் எழுதிய முப்பது ரூபாயில் இதில் ஒன்றாவது தெரியுமா? "எம் பொண்ணு என்னைவிட நல்லா கோழி துன்றா!" என்று உன் அம்மாவிடம் ஓடினேன். "இப்பத்தான் புத்தி வந்துச்சா?" என்று அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பெட்டி கட்டும் பிள்ளைகளே, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கொண்டுபோகும் பணத்தை இத்தனை டாலர் என்று எண்ணாதீர்கள், வேலை இல்லாமல் எத்தனை மாதம் தாங்கும் என்று எண்ணுங்கள். இரண்டு மாத வாடகை முதல் நாளே போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலுக்கும் உடம்புக்கும் வேண்டியதை முதலில் வாங்குங்கள். முதல் வருஷம் வீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள், அனுப்பச் சொல்லி அப்பன் கேட்டால் என்னிடம் அனுப்பி வையுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. போனில் விலை கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள்.

இனி சந்தோஷமான சமாச்சாரத்துக்கு வருகிறேன், அதற்காகத்தான் இத்தனை நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் கடையில் நின்று, மாலையில் நூலகத்துக் கம்ப்யூட்டரில் டிராயிங் போடக் கற்றுக்கொண்டு, நீ அந்தக் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனாயே, அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. இங்கே பேக்டரி டிராயிங் ஆபீசில் நீ வேலை பார்த்த ஐந்து வருஷத்தை அவர்கள் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. கனடா அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். கடைசியில் போகட்டும் என்று ஒரு பம்ப் படத்தை முன்னால் போட்டு, பார்த்துச் சொல் என்றார்கள். நீ ஐந்து நிமிஷம் பார்த்தாய். "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த போல்ட்ட கழட்டப் போறவன் ஸ்பேனர எப்படி உள்ள வுடுவான்? கை நுழைய எடம் இல்லியே" என்று அவர்கள் பாஷையில் கேட்டாய். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். எஸ்தர், அது என் பம்ப்! டிராயிங் போடுகிற மகராசன் ஒருத்தனாவது ஸ்பேனர் பிடித்திருப்பானா என்று கை முட்டியெல்லாம் சிராய்த்துக்கொண்டு வந்து நான் சோற்றுத் தட்டு முன்னால் புலம்பியதெல்லாம் உன் காதில் விழுந்திருக்கிறது. நான் கத்தியதில் ஒன்றாவது உனக்கு உதவியதே, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். வேலை கிடைத்துவிட்டது, மணிக்கு இருபது டாலர் என்று நீ சொன்னபோது நான் பூத்துக்குள்ளேயே குதித்தேன், கண்ணாடி அதிர்ந்தது.

ஈஸ்டர் ஆராதனைக்கு உன் பூட்ஸைப் போட்டுக்கொண்டு போனேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கொளுத்துற வெயில்ல பனி பூட்ஸா? ஊரு சிரிக்கும்." சிரிக்கட்டும் என்றேன். உள்ளே ஆட்டு மயிரோ என்னவோ, கால் இரண்டும் இட்லி மாதிரி வெந்தது. ஆனாலும் லைன் முழுக்கத் தக்குத் தக்கென்று நடந்தேன். சுரங்கம் மூடியதிலிருந்து இந்த ஊரில் சங்குச் சத்தமும் இல்லை, சிரிப்புச் சத்தமும் இல்லை. அன்றைக்குக் கோயில் வாசலில் எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர்கள் குனிந்து தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர் கீழே போட்ட பழைய பூட்ஸை நினைத்துக்கொண்டு மூக்கைச் சிந்தினார். துரைராஜ் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, விலைச் சீட்டைக் கேட்டு வாங்கிக் கண்ணுக்கருகில் வைத்துப் படித்தான்.

"நூத்தி நாப்பது டாலரா! நம்ம காசுல எவ்ளோ?"

ஊரே என் வாயைப் பார்த்தது. பெட்டி கட்டுகிற பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள்.

"நம்ம காசுல எனக்குத் தெரியாது துரைராஜு," என்றேன். "அவ கால் வழுக்காம நிக்க மொத பூட்ஸ் வாங்கினப்போ இருவது மணி நேரம். இப்போ அப்பனுக்கு வாங்கறா, ஏழே மணி நேரம். எண்ணிப் பாருடா, ஏழு. எம் பொண்ணுக்கு ஒரு ஷிப்டுகூட முழுசா ஆவல!"

கால் வெந்துகொண்டிருந்தாலும் பூட்ஸைக் கழற்ற மனமில்லாமல் உட்கார்ந்து இதை எழுதும்,
உன் அப்பா